முல்லைப்பெரியாறு ஒப்பந்தத்துக்கு உசுரு இருக்கா?

முல்லைப்பெரியாறு குத்தகை 1886 அக்டோபர் 29-ல போட்டது, 999 வருஷத்துக்கு. கையெழுத்துப் போட்டவங்க போய்ச் சேந்தது பெரிய விஷயமில்ல, திருவிதாங்கூர் சமஸ்தானமே இப்ப இல்ல, எதிர்த்தரப்புல இருந்த பிரிட்டிஷ் இந்தியா மந்திரி பதவியும் 1947-ல காலி, மெட்ராஸ் மாகாணம் தமிழ்நாடு ஆயிருச்சு. ஆனாலும் கேரளாவுக்குள்ள நிக்கிற அணையை இன்னிக்கும் தமிழ்நாட்டு இன்ஜினியருங்கதான் பாத்துக்கிறாங்க, தண்ணி தேக்கடி டனல் வழியா தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற லோயர் கேம்ப்புக்கு இறங்கிட்டுதான் இருக்கு. அப்ப இத்தனை வருஷமா சாகாம இருக்கிறது எது?

1970-கள்ல சிலி நாட்டு உயிரியலாளர்கள் மத்துரானா, வரேலா ரெண்டு பேரும் உயிருக்கு ஒரு விளக்கம் குடுத்தாங்க: தனக்கு வேண்டிய பாகத்தைத் தானே செஞ்சு தன்னைத் தானே புதுப்பிச்சுக்கிட்டே இருக்கிறது எதுவோ அதுதான் உயிர். நம்ம ரத்தத்துல சிவப்பணு சுமார் 120 நாள்தான் இருக்கும், குடலோட உள்தோல் சில நாள்லயே மாறிடும், ஆனா ஆளு அதே ஆளுதான்.

அணையிலயும் அதேதான் நடக்குது. தண்ணி மட்டம் எடுக்கிறவர் ரிட்டயர் ஆவாரு, ஸ்கேல எங்க நின்னு பாக்கணும், வரத்து எத்தனை கன அடி, வெளியேத்தம் எத்தனை, ரிஜிஸ்டர்ல எந்தக் கட்டத்துல எதை எழுதணும்னு புதுசா வந்தவருக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போவாரு, மறுநாள் கம்பம் ஊர்ல பேப்பரப் பிரிச்சு "இன்னிக்கு எத்தனை அடிப்பா"ன்னு கேக்குறவருக்கு ஆளு மாறினதே தெரியாது. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் ஒரு படி மேல போயி, அரசாங்கம், கம்பெனி மாதிரி ஒரு அமைப்போட செல்லு மனுசனே இல்ல, ஒரு பேச்சுலருந்து பிறக்கிற அடுத்த பேச்சுதான்னு சொன்னாரு. கேக்க கிறுக்குத்தனமா இருந்தாலும் நம்ம ஃபைலைப் பாத்தா சரின்னுதான் படுது, 1886 ஒப்பந்தத்தைப் பிடிச்சு 1970 ஒப்பந்தம் வந்து ஏக்கருக்கு 5 ரூபா வாடகை 30 ஆச்சு, அப்புறம் கேசு மேல கேசு, 2014-ல 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு.

ஆனா இதோட உயிருன்னு முடிவு கட்டிர முடியாது. மிருகத்துக்கு வயசாக ஆக சாவு நெருங்கும், கம்பெனிக்கு அப்படி இல்ல. அமெரிக்க பங்குச்சந்தைக் கம்பெனிகளை வச்சு 2015-ல வந்த ஒரு ஆய்வுல, ஒரு கம்பெனி காணாம போற வாய்ப்புக்கும் அதோட வயசுக்கும் சம்பந்தமில்லன்னு தெரிஞ்சுது, சராசரியா பத்து வருஷத்துல பாதி காலி, அதுக்கு முக்கியமான காரணம் இன்னொரு கம்பெனி வாங்கி முழுங்கிர்றதுதான். என்னைக் கேட்டா அமைப்புங்கிறது வைரஸ் மாதிரி, மனுச மூளை கிடைச்சா ஓடும், இல்லன்னா வெறும் காகிதம்.

இன்னொரு சிக்கல் செல்லுலயே இருக்கு. உங்க ஈரல்ல இருக்கிற செல்லு சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர் உடம்புக்கு வேலைக்குப் போகாது. ஆனா கம்பத்துலருந்து விடியக்காலைல ஜீப்பு ஏறி குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போற அக்கா பகல்ல கேரளா எஸ்டேட்டுல ஆளு, ராத்திரி இங்க மகளிர் குழுவுல கணக்கு எழுதுறவங்க, ஓட்டும் ரேஷன் கார்டும் தமிழ்நாட்டுல, கூலி பத்தலன்னா அடுத்த வாரமே வேற எஸ்டேட்டு ஜீப்புல ஏறிருவாங்க, எஸ்டேட்டு என்ன செய்யும், கூலிய ஏத்தும் இல்லன்னா வேற ஆளத் தேடும்.