கினி பிக் முயலும் இல்லை, எலியும் இல்லை

"கால்ல அடிபட்டிருக்கு டாக்டர்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் கொண்டு வருகிறார்கள். அட்டைப்பெட்டி, உள்ளே ஒரு பழைய துண்டு, அதன் மேல் முடி சிலிர்த்துக்கொண்டு ஒரு கினி பிக். பின்னங்கால் இரண்டையும் இழுக்கும். பசங்க தூக்கி விளையாடும்போது கீழே போட்டிருப்பார்கள் என்று அப்பா சந்தேகப்படுவார், "நான் போடல" என்று பிள்ளை அழும். எக்ஸ்ரேயில் முறிவே இருக்காது. முட்டி வீங்கியிருக்கும், தொட்டால் கத்தும், வாயைத் திறந்தால் ஈறில் ரத்தக் கசிவு.

இது ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய். குழந்தை மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பு தட்டில் இருக்கிறது.

போன வாரம் ராயபுரத்திலிருந்து வந்த கேஸுக்குப் பிறகு இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. என்ன சாப்பாடு என்று கேட்டேன். "முயல் தீவனம்தான் டாக்டர். கடைக்காரர் ரெண்டுக்கும் அதேதான்னு சொன்னாரு. கேரட்டும் தர்றோம்" என்றார் அந்த அம்மா. அக்கறை இல்லாதவர் இல்லை. கூண்டு அவ்வளவு சுத்தம். கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது. ஊசி போட்டு, வாயில் மருந்து விட்டு, சாப்பாட்டை மாற்றிய சில நாட்களில் எழுந்து நடந்தது. அதற்கு முன்னால் வந்த இன்னொன்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அந்தக் கடைக்காரர் சொன்ன ஒரு வாக்கியத்தால்தான் எனக்குப் பாதி கேஸ் வருகிறது. முயலின் உடம்பு வைட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்ளும். நாய், பூனை, எலி, ஹாம்ஸ்டர் எல்லாமே அப்படித்தான். கினி பிக்கால் முடியாது. அதற்குத் தேவையான நொதி அதன் உடம்பில் கிடையாது, நமக்கும் கிடையாது. இந்த விஷயத்தில் அது நம் கட்சி. ஆகவே முயல் தீவனத்தில் வைட்டமின் சி சேர்க்க யாருக்கும் அவசியமில்லை, சேர்ப்பதும் இல்லை. அதையே நம்பி வளர்த்தால் சில வாரங்களிலேயே உடம்பு தளர ஆரம்பிக்கும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1907-லேயே நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வேறொரு நோயை ஆராய்வதற்காக கினி பிக்குகளுக்கு வெறும் தானியம் கொடுத்து வந்தார்கள். எதிர்பார்த்த நோய் வராமல் ஸ்கர்வி வந்தது. அந்த ஆராய்ச்சியை இன்னமும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பொரியும் ஊறவைத்த அரிசியும் போட்டு நம் ஆட்கள் வீட்டிலேயே நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கேரட்டுக்கு வருவோம். "காய்கறி தர்றோமே டாக்டர்" என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை அது கேரட்டாகவோ வெள்ளரிக்காயாகவோதான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள பெரிய கினி பிக்குக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். 100 கிராம் கேரட்டில் இருப்பது சுமார் 6 மில்லிகிராம். 20 மில்லிகிராம் கிடைக்க 300 கிராமுக்கு மேல் கேரட் தின்ன வேண்டும், அதாவது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு. வெள்ளரிக்காயில் அதுவும் இல்லை, பெரும்பாலும் தண்ணீர்தான். பச்சைக் குடைமிளகாயில் 100 கிராமுக்கு 80 மில்லிகிராம் இருக்கிறது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்றிரண்டு துண்டு நறுக்கிப் போட்டால் அன்றைய வேலை முடிந்தது. விதையையும் காம்பையும் எடுத்துவிடுங்கள். கொய்யாவில் இதைவிட அதிகம், ஆனால் சர்க்கரையும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சின்னத் துண்டு போதும். கேரட்டை மிட்டாய் மாதிரி எப்போதாவது கொடுங்கள், நான் தடுக்கவில்லை.

தண்ணீர் பாட்டிலில் வைட்டமின் சொட்டு விடும் பழக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். வெளிச்சம் பட்டால் சில மணி நேரத்திலேயே சத்து குறையத் தொடங்கும். சுவை மாறுவதால் கினி பிக் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். சென்னை வெயிலில் இதைவிடக் கெடுதல் வேறில்லை. கினி பிக்குக்கென்றே வரும் பெல்லட்டில் (சிறு குச்சிகளாக வரும் தீவனம்) வைட்டமின் சி உண்டு, ஆனால் தயாரித்த நாளிலிருந்து சுமார் மூன்று மாதத்துக்குத்தான் அதை நம்பலாம். தகரக் கூரைக் கடையில் வெயிலில் காய்ந்த மூட்டையிலிருந்து அள்ளித் தரும் சில்லறைத் தீவனத்தை வாங்காதீர்கள். நல்ல பெல்லட்டே ஆனாலும் ஒன்றிரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

ஏனென்றால் அதன் உண்மையான சாப்பாடு புல்தான். தட்டில் முக்கால் பங்குக்கு மேல் உலர்புல் இருக்க வேண்டும், இரவு பகல் எந்நேரமும். அதன் பல் எல்லாமே, முன்பல் மட்டுமில்லை, கடைவாய்ப் பல்லும், சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் சாய்ந்து வளர்ந்து நாக்கை அடியில் மாட்டிக்கொள்ளும். தாடை நனைந்தே இருக்கிறது, சாப்பாட்டின் அருகே போய்விட்டுத் தின்னாமல் திரும்புகிறது என்றால் இதைத்தான் முதலில் பார்ப்போம். (முன்பல்லை நகவெட்டியால் வெட்டிவிடும் புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை: பல் நீளவாக்கில் பிளந்து வேர்வரை போகும். தயவுசெய்து வேண்டாம்.)

டிமோத்தி புல் ஆன்லைனில் கிடைக்கிறது, விலைதான் கடிக்கும். முடியாதவர்களுக்கு அருகம்புல் இருக்கிறது. திருவொற்றியூர் கோயில் வாசலில் பூ விற்பவரிடமே கட்டுக் கட்டாகக் கிடைக்கும். நன்றாக அலசி, பச்சையாகக் கொஞ்சமும் நிழலில் உலர்த்தி நிறையவும் கொடுக்கலாம். மழைக்காலத்தில் பூஞ்சை வாசனை வந்தால் தூக்கிப் போடுங்கள். சாலையோரப் புல் வேண்டாம். நெல் வைக்கோல் படுக்கைக்குச் சரி, சாப்பாட்டுக்கு ஆகாது. குதிரைமசால் (அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிர்) குட்டிகளுக்கும் சினையாக இருப்பவைக்கும் மட்டும். வளர்ந்ததற்குக் கொடுத்தால் கால்சியம் கூடிச் சிறுநீரில் கல் வரும்.

கல் என்றதும் கீரை ஞாபகம் வருகிறது. கீரை நல்லது என்று தினமும் ஒரு கட்டு சிறுகீரையோ பாலக்கோ போடுகிறார்கள். அதுவும் கல்லுக்கு வழிதான். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கொஞ்சமாகக் கொடுங்கள், தினசரிக்குக் கொத்தமல்லித் தழை இருக்கட்டும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது கத்தினாலோ காத்திருக்காதீர்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை கூடவே கூடாது. பால், பிஸ்கட், சாதம், பிரெட்டும் வேண்டாம். எந்தப் புதுக் காயையும் திடீரென்று நிறையப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

தன் புழுக்கையையே தின்கிறது என்று பதறிப்போய் போன் செய்பவர்களும் உண்டு. அதில் ஒரு வகையை அது தின்னத்தான் வேண்டும், விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். சளி, வயிற்றுப்போக்கு என்றால் குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிஸிலின் சிரப்பில் கொஞ்சம் ஊற்றிவிடாதீர்கள். நமக்கு மருந்து, அதற்கு விஷம். குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, கெட்டவை பெருகி, சில நாளில் உயிரே போய்விடும். எந்த ஆன்டிபயாடிக்கும் கால்நடை மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். மனிதர்களுக்கான மல்ட்டி வைட்டமின் மாத்திரையும் அப்படியே, அதிலுள்ள வைட்டமின் ஏ-யும் வைட்டமின் டி-யும் அளவுக்கு மீறிவிடும்.

அரை நாளாக எதையும் தின்னவில்லை என்றால் அது அவசரம். நாய் மாதிரி ஒரு நாள் பட்டினி கிடந்து தேறும் பிராணி இல்லை இது, குடல் நின்றுவிடும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளாமல் அன்றைக்கே அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் போங்கள், இல்லாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வழியில் வெயில் படாமல் ஈரத்துணி சுற்றிய பாட்டில் ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். அது தின்றுகொண்டிருந்த தீவனப் பாக்கெட்டும் கையோடு வரட்டும். பின்பக்கத்தில் போட்டிருக்கும் தயாரிப்புத் தேதியை முதலில் பார்க்க வேண்டும்.