மூன்று ‘பார்டர்’ ஒன்றாகச் சேரும்போது

வெறும் வயிற்றில் சர்க்கரை 108. ரத்த அழுத்தம் 134/86. ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 190. மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலைப் பக்கமிருந்து வருகிற நாற்பது வயதுக்காரர்களிடம் இப்படி ஒரு ரிப்போர்ட்டை அடிக்கடி பார்க்கிறேன். “எல்லாம் பார்டர்தானே டாக்டரே, மாத்திரை வேண்டாமே?” என்பார்கள். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். மூன்றும் ஒரே உடம்பில் இருந்தால் கணக்கே வேறு.

இந்தச் சேர்க்கைக்குத்தான் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988-ல் இவற்றை ஒரே சரடில் கோத்துக் காட்டினார்: இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படாததுதான் அடிப்படை என்றார். இப்போது ஐந்து அளவுகள் பார்க்கிறோம். இடுப்புச் சுற்றளவு நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே. ரத்த அழுத்தம் 130/85 முதல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல். ஐந்தில் ஏதாவது மூன்று இருந்தால் போதும். பிரஷர் மாத்திரை சாப்பிட்டு அளவு நார்மலாக இருப்பவர்களுக்கும் அது ஒன்றாகவே சேரும். உலகில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு, இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு.

இந்த ஐந்தில் யாரும் அளக்காதது இடுப்புதான். கேட்டால், “எனக்கு பேண்ட் சைஸ் 34 தான் சார்” என்று பதில் வரும். பேண்டை நாம் போடுவது தொப்பைக்குக் கீழே. கைலியும் அங்கேதான் இறங்கி நிற்கும். அளக்க வேண்டிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். மூச்சை இயல்பாக விட்டபிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். பேண்ட் 34 போடுகிறவருக்கு அங்கே 98 செ.மீ. கூட வரலாம்.

எடை சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3 தான். உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நமக்குக் கை, கால் ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் போய்த் தங்குகிறது. அங்கிருந்து கொழுப்பமிலம் கல்லீரலுக்குப் போகிறது. இன்சுலின் சொல் எடுபடாமல் போகிறது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. சர்க்கரை அளவு ஏறுவது அது களைத்துப்போகும்போதுதான். அதாவது, சர்க்கரை நோய் என்று தெரிவதற்குப் பல வருடம் முன்பே ரத்தக் குழாய்கள் அடிவாங்கத் தொடங்கிவிடுகின்றன.

அப்புறம் சாப்பாடு. டிரைகிளிசரைடு கூடியிருக்கிறது என்றதும் குமரி மாவட்டத்தில் பழி விழுவது தேங்காய் எண்ணெய் மேலும் மீன் மேலும். எண்ணெயைக் குறைப்பது நல்லதுதான். ஆனால், மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது என்பதைப் பலரும் அறிவதில்லை. காலையில் புட்டும் பழமும், மதியம் குவித்த சோறு, சாயங்காலம் சாயாவோடு பழம்பொரி, இரவு மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கு. ஒரு நாள் முழுக்க மாவுச்சத்துதான். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் பரப்பப்பட்ட மரச்சீனி, இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது நம் முன்னோர் உயிரைக் காத்தது. அவர்கள் வயலிலும் மலையிலும் நாள் முழுக்க உழைத்தார்கள். இன்று பைக்கில் போய் பைக்கில் வருகிறோம், தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. கிழங்கை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. கிழங்கு சாப்பிடும் வேளையில் சோறு வேண்டாம். கிழங்கு பாதியாகட்டும், சாளைக் கறியில் மீன் துண்டு கூடட்டும், பக்கத்தில் கீரையோ பயறோ இருக்கட்டும்.

இதனால் பலன் உண்டா என்றால், உண்டு. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. உணவு மாற்றமும் நடையும் மூன்று ஆண்டில் நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எடை இறங்கவில்லையே என்று நடையை நிறுத்திவிடுகிறவர்கள் இங்கே நிறைய.

பெண்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். முட்டுவலி என்று வருவார்கள். வீட்டில் நாள் முழுக்க நைட்டி, அதனால் இடுப்பு பெருத்தது தெரியாது. கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்தோடு போய்விட்டது என்று விட்டிருப்பார்கள். அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்த்தால் அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டிரைகிளிசரைடு, ஹெச்.டி.எல். இரண்டுக்கும் லேபில் ரத்தம் கொடுக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள். வரும்போது இடுப்பளவையும் அதே பக்கத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள்.