ஆட்டோபைலட்: தானியங்கியா, தானோட்டியா?

விமானத்தையும் கப்பலையும் ஆள் கை வைக்காமலே ஓட்டும் கருவி ஆட்டோபைலட். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பைலட் என்ற சொல் வானத்தில் பிறந்ததல்ல, கடலில் பிறந்தது. கிரேக்கத்தில் 'பேடோன்' என்றால் துடுப்பின் தட்டையான அலகு. கப்பலைத் திருப்புவதற்குப் பின்பக்கம் பிடிக்கும் துடுப்புக்கும் அதே பெயர். அதிலிருந்து கிளைத்த சொல் இத்தாலியையும் பிரான்சையும் சுற்றி ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது அதன் பொருள் சுக்கான் பிடிப்பவர் என்பதுதான். துறைமுகத்தில் கப்பலை உள்ளே அழைத்து வருபவர் இன்றும் பைலட். நம் ரயில்வேயில் எஞ்சின் ஓட்டுபவர் லோகோ பைலட். 'ஆட்டோ' என்பதும் கிரேக்கம்தான். 'ஆட்டோஸ்' என்றால் தான், தானே. தெருமுனையில் நிற்கும் மூன்று சக்கர ஆட்டோவிலும் அதே 'தானே'தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடலோடிச் சொற்களுக்குத் தமிழில் குறைவில்லை. கப்பல் ஓட்டுபவனுக்கு மீகாமன் என்பது பழஞ்சொல். மாலுமி, சுக்கான் இரண்டும் அரபியிலிருந்து வந்து நம்மோடு தங்கிவிட்டவை. தேர் ஓட்டுபவனுக்கு வலவன். ஆட்டோபைலட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் பலரும் புறநானூற்றின் 27ஆம் பாட்டுக்குப் போவார்கள். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய அந்தப் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. பொருத்தமாகத் தோன்றினாலும் இந்த இடத்துக்கு அது ஒட்டாது. நல்வினை முடித்தவர்கள் மேலுலகம் போகும் ஊர்தி அது; அதில் ஓட்டுபவனே கிடையாது. ட்ரோனுக்கு அந்தத் தொடரைச் சொன்னால் ரசிக்கலாம். ஆட்டோபைலட் உள்ள விமானத்திலோ வலவன் இருக்கிறான், அவன்தான் ஏவவும் செய்கிறான்.

செய்திகளில் அதிகம் அடிபடுவது 'தானியங்கி'. ஏடிஎம் முதல் சலவை இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். தான் + இயங்கி. இயங்குதல் தன்வினை. மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கும் மோட்டார் தானியங்கி. வேறொன்றை ஓட்டும் வேலை அதற்கு இல்லை. ஓட்டுதலோ பிறவினை; ஓட்டப்படும் பொருள் ஒன்று வேண்டும். ஆகவே ஆட்டோபைலட் என்பது தானோட்டி. 'தன்னோட்டி' என்றும் சிலர் எழுதக்கூடும். அப்படி எழுதினால் தன்னைத் தானே ஓட்டிக்கொள்வது என்றாகிவிடும். கருவி தன்னை ஓட்டவில்லை, விமானத்தை ஓட்டுகிறது. 'தன்னிச்சையாக இயங்கும் கருவி' என்பது எல்லாவற்றிலும் மோசம். தன்னிச்சை என்றால் சொந்த விருப்பம். இந்தக் கருவிக்கு இல்லாத ஒன்று அதுதான்.

தானோட்டி செய்வது எளிய வேலை. கொடுத்த அளவை வைத்துக்கொள்ளும், இப்போதுள்ள அளவைப் பார்க்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாது. அந்தக் குணத்தை வைத்துத்தான் விமானம் சாய்ந்ததைக் கண்டுபிடித்தார்கள். 1914 ஜூன் 18 அன்று பாரிசுக்கு அருகே, சேன் ஆற்றுக்கு மேல் அமெரிக்க விமானி லாரன்ஸ் ஸ்பெரி இதைப் பறந்து காட்டினார். அவர் இருக்கையில் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மெக்கானிக் எமில் காஷான் எழுந்து இறக்கைமேல் நடந்துபோனார். அந்தப் பக்கம் பாரம் கூடியதும் கருவியே சிறகு மடிப்புகளை அசைத்து விமானத்தை நிமிர்த்தியது. 50,000 பிராங்க் பரிசு கிடைத்தது. இன்று பம்பரத்தின் இடத்தில் லேசரும் சில்லும் வந்துவிட்டாலும் வித்தியாசம் பார்க்கும் கணக்கு அதேதான்.

எளிய தானோட்டி சாய்வை மட்டும் பார்க்கும். அடுத்த படியில் உள்ளது மூக்கு ஏறி இறங்குவதையும் பார்த்து உயரத்தைக் காக்கும். மூன்றாவது வகை மூக்கு இடம் வலம் விலகுவதையும் கவனிக்கும். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைப்பது பல விமானங்களில் தனிக் கருவியின் வேலை. இது தெரியாதவர்கள் ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொத்தானை அமுக்கிய பிறகு திரையின் மேல்வரியில் எந்த நிலை தெரிகிறது, அதாவது கருவி எந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று வாசிப்பது விமானியின் வேலை. கேட்டது உயரம் காத்தல், தெரிவது வேறு என்றால் கருவி அந்த வேறொன்றைத்தான் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்.

1972 டிசம்பர் 29 இரவு மயாமி அருகே நடந்தது இதுதான். ஈஸ்டர்ன் 401 என்ற பயணிகள் விமானம் இறங்க வந்தபோது மூக்குச் சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. 2,000 அடியில் தானோட்டியைப் போட்டுவிட்டு எல்லோரும் அந்த விளக்கைப் பார்க்கப் போய்விட்டார்கள். இடையில் கட்டுப்பாட்டுக் கம்பில் ஏதோ அழுத்தம் பட்டு உயரம் காக்கும் நிலை விடுபட்டிருக்க வேண்டும் என்றது விசாரணை. விமானம் குலுங்காமல், சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. உயரம் மாறியதைச் சொல்லும் மணி ஒருமுறை அடித்தும் யாரும் கவனிக்கவில்லை. 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. எரிந்துபோயிருந்தது பல்புதான்.

இன்னொரு வகைக் கோளாறு, கருவி சிக்கலை மூடி மறைப்பது. 1985 பிப்ரவரி 19 அன்று சைனா ஏர்லைன்ஸ் 006 பசிபிக்கின் மேல் 41,000 அடியில் பறந்தபோது வலது ஓர எஞ்சின் விசையிழந்தது. விமானம் வலப்பக்கம் இழுபட்டது. அப்போது வேண்டியது விமானத்தின் வால் சுக்கான்; அதை விமானி காலால் மிதித்து அசைக்க வேண்டும். அந்தத் தானோட்டியின் கைக்கோ சுக்கான் எட்டாது, சாய்வைத்தான் மாற்ற முடியும். முடிந்த மட்டும் இடப்பக்கம் சாய்த்துத் தாங்கிக்கொண்டே இருந்தது. கேப்டன் அதை விடுவித்ததும் விமானம் வலப்புறம் புரண்டு விழுந்து சுமார் 9,500 அடியில்தான் வசத்துக்கு வந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

கப்பலில் ஏமாற்றுவது வேறொன்று. அங்கே எளிய தானோட்டி காப்பது கப்பலின் முகத்தை, கப்பல் போகும் பாதையை அல்ல. முகம் நேர் கிழக்கே இருக்கும்போதே 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்தில் தெற்கே இழுக்கும் நீரோட்டம் 6 மணி நேரத்தில் 12 கடல் மைல் தள்ளியிருக்கும். கருவியில் பிழை இராது, அலாரமும் அடிக்காது. நெரிசலான கடலிலும் பனிமூட்டத்திலும் உடனே கைச்சுக்கானுக்கு மாற முடிய வேண்டும் என்றும், நெடுநேரம் தானோட்டியில் போனபின் கைச்சுக்கானைச் சோதிக்க வேண்டும் என்றும் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு விதி சொல்கிறது.

மனிதருக்கு வருவோம். கவனமில்லாமல் பழக்கத்தில் ஒன்றைச் செய்வதையும் ஆங்கிலத்தில் ஆட்டோபைலட் என்கிறார்கள். 'நான் ஆட்டோபைலட்டில் இருந்தேன்' என்பதை 'தானியங்கி முறையில் இருந்தேன்' என்று எழுதினால் சலவை இயந்திரம் பேசுவதுபோல இருக்கிறது. 'அனிச்சையாக' என்பதும் சரியில்லை. தூசி விழப் போகும்போது கண் மூடுவது அனிச்சை. அதைக் கற்க வேண்டியதில்லை. வண்டியில் கியர் மாற்றுவது கற்றுப் பழகியது. இதற்கு நம் பேச்சில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: 'அதுபாட்டுக்கு'. கை அதுபாட்டுக்கு வெங்காயம் நறுக்குகிறது. இதில் உள்ள பாட்டு இசைப்பாட்டு அல்ல. காடு 'காட்டுக்கு' ஆவதுபோல, பாடு வேற்றுமை ஏற்று 'பாட்டுக்கு' ஆகியிருக்கிறது. 'அவன் பாடு, அவன் பார்த்துக்கொள்வான்' என்கிறோமே, அந்தப் பாடு. தவறிப்போகும் இடத்துக்கும் தனிச்சொல் உண்டு: பழக்கதோஷம்.

பழக்கதோஷம் எங்கே வரும் என்பதைக் கணிக்கவே முடியும். பழைய செயலும் புதிய செயலும் முதல் சில படிகளில் ஒன்றாக இருந்து பின்பு பிரியும் இடம் அது. விடுமுறை நாளில் உறவினர் வீட்டுக்குக் கிளம்பிய வண்டி அலுவலகச் சாலையில் திரும்புவது அந்த முனையில்தான். 'வரும்போது மருந்து வாங்க வேண்டும்' என்று காலையில் நினைத்துக்கொள்வதால் பயனில்லை, முனை வரும்போது அந்த நினைப்பு இருக்காது. காலி மாத்திரை அட்டையை வண்டிச் சாவியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். கேஸை மூடினோமா என்ற சந்தேகம் வேறு ரகம். கை அதுபாட்டுக்கு மூடியிருக்கும். கவனம் அங்கே இல்லாததால் நினைவு பதிவாகவில்லை. ரெகுலேட்டரைத் திருப்பும்போது 'மூடியாச்சு' என்று வாய்விட்டுச் சொன்னால் பதிவாகும். லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் கைகாட்டி உரக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு செயல் அதுபாட்டுக்கு நடக்க 21 நாள் போதும் என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். லண்டனில் 96 பேர் பங்கேற்ற, 2010இல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 முதல் 254 வரை.

எழுதுகிறவர்களுக்கு: விமானத்துக்கும் கப்பலுக்கும் தானோட்டி. 'விமானி தானோட்டியை விடுவித்தார்' என்று எழுதலாம். 'அணைத்தார்' என்றால் கட்டிப்பிடித்ததாகவும் படும். ஆளைப் பற்றியென்றால், 'வீடு வந்து சேர்ந்தேன், எந்த வழியாக வந்தேன் என்று தெரியவில்லை, வண்டி அதுபாட்டுக்கு வந்துவிட்டது.'