வீட்டு முன்பக்கம் கல் பதிக்கிறீர்களா?

லண்டனில் வீட்டு பிளான் வரைவது என் தொழில். எக்ஸ்டென்ஷன் என்றால் நம்மவர்கள் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். முன்தோட்டத்தை மூடுவதற்கு மட்டும் யாரும் கேட்பதில்லை. "எங்கட நிலம்தானே அண்ணை, கல்லுப் போட என்ன பெர்மிஷன்?"

ஹரோவில் ஒரு வீடு. இரண்டு கார் நிறுத்த முன்பக்கம் முழுக்கப் புதுக் கல். வாசலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். கொஞ்சமும் உறிஞ்சாமல் நேரே நடைபாதைக்கு ஓடியது. சட்டத்தின் கவலையே இதுதான்.

2007 கோடை வெள்ளத்தில் மழைநீர் வடிகால்கள் தாங்காமல் பொங்கின. அடுத்த ஆண்டு, 2008 அக்டோபர் 1 முதல், இங்கிலாந்தில் வீட்டு முன்பக்கத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டால் பிளானிங் அனுமதி வேண்டும். ஒரு கார் நிற்கும் இடமே அதைவிடப் பெரிது. தண்ணீர் இறங்கும் தளமாக இருந்தால், அல்லது ஓடும் நீர் உங்கள் புல்தரைக்கோ பூப்பாத்திக்கோ போய்ச் சேர்ந்தால், அனுமதி தேவையில்லை. நடைபாதை விளிம்பைத் தாழ்த்திக் கார் ஏற்றுவதற்குக் கவுன்சிலிடம் தனி அனுமதி. அது வேறு கதை.

அந்த வீட்டில் போட்டிருந்தது நீர் இறங்கும் கல் என்றுதான் கல் பதித்தவர் சொல்லியிருந்தார். ஒரு கல்லைப் பெயர்த்தேன். கல் சரிதான், அடியில் தூளும் மண்ணும் கலந்த சல்லியை இடித்து இறுக்கியிருந்தார்கள். நீர் எங்கே இறங்கும்? தூள் இல்லாத, இடைவெளி விடும் சல்லி அல்லவா போட வேண்டும்! சரி, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் சோக்கவே குழி தோண்டலாமா என்றால், அது கட்டடத்திலிருந்து 5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது வழிகாட்டி. அங்கே அவ்வளவு இடமில்லை. போதாததற்கு லண்டன் களிமண். கடைசியில் மதிலோரம் இரண்டு வரிசைக் கல்லை எடுத்துப் பாத்தி கட்டி, தண்ணீரை அதற்குத் திருப்பினோம்.

அப்புறம், பின்னால் ஓர் அறை கட்டக் கேட்டார்கள். அனுமதியில்லாமல் கட்டுவதென்றால், முதலில் கட்டிய வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடங்களால் மூடக்கூடாது. பழைய வீடென்றால் 1948 ஜூலை 1 அன்று இருந்தபடிதான் கணக்கு. முந்தைய உரிமையாளர் போட்ட எக்ஸ்டென்ஷனும் உங்கள் கணக்கில்தான் ஏறும், ஷெட்டும் ஏறும். கல் தளம் ஏறாது.

அளந்து பார்த்தேன். ஷெட்டைக் கழற்றினால்தான் அறைக்கு இடம். வீட்டுக்காரருடைய அம்மா சம்மதிக்கவில்லை.