கழுவினால் கல்லின் குணம் போகாது

மீன்தொட்டியில் போடக்கூடாத கல்லைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டதில், இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி. விளிம்பு வரை ஊற்றினால் ஏறத்தாழ 680 லிட்டர். உள்ளே எட்டு டிஸ்கஸ் மீன்கள், எல்லாம் கறுத்துப்போய் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு கிடந்தன. இரை போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளர்ப்பவர் ஓய்வு பெற்றவர், பொறுமையான மனிதர். "தம்பி, முழுக்க ஆர்.ஓ. தண்ணிதான் விடுறேன், பாதாம் இலையும் போடுறேன், அப்புறம் ஏன் இப்படி?" என்றார். நான் மீனை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன். பளிச்சென்று வெள்ளைக்கல், இரண்டு அங்குலத்துக்கு. மார்பிள் சிப்ஸ். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்: "ஏழு தடவை கழுவித்தான் போட்டேன்."

இந்தக் "கழுவினேன்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கழுவினால் தூசி போகும். கடற்கரை மணலாக இருந்தால் உப்பு போகும். அவ்வளவுதான். மார்பிள் என்பதே கால்சியம் கார்பனேட், அதாவது கல் முழுக்கச் சுண்ணாம்பு, மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கு இல்லை. புளியை எத்தனை தண்ணீரில் அலசினாலும் அது புளிதானே? கடற்கரை மணலும் இதே கதைதான், அதில் கிடக்கும் சிப்பித்தூள் கொதிக்க வைத்தாலும் வெயிலில் காயப்போட்டாலும் சிப்பித்தூளாகவேதான் இருக்கும்.

அவர் கேனில் இருந்த ஆர்.ஓ. தண்ணீரைச் சோதித்தேன். கடினத்தன்மை கிட்டில், நிறம் மாற எத்தனை சொட்டு மருந்து ஆகிறதோ அத்தனைக்குத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. தொட்டித் தண்ணீருக்கு 16 சொட்டு ஆனது. இலை தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கும், அந்த அமிலம் கல்லைத் தின்னும், கல் கரைந்து பி.எச்.சை மறுபடி மேலே தூக்கி அமிலத்தைக் குறைக்கும், இவர் இன்னும் நாலு இலை போடுவார். இந்த இழுபறிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது மீன். ஆர்.ஓ.வுக்கு மாதாமாதம் கொடுத்த காசு சுண்ணாம்பைக் கரைக்கத்தான் போயிருக்கிறது.

வாங்கும் முன் ஒரு கல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மொட்டைமாடியில், கையுறை போட்டுக்கொண்டு, கழிவறை கழுவும் ஆசிட் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், வேண்டாம். எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று வராதீர்கள், அந்தப் புளிப்பு பல நேரம் போதாது. சோதித்த கல்லைத் தொட்டியில் போட்டுவிடவும் வேண்டாம். ஆனால் ஒன்று: ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்கள் வளர்க்கிறீர்கள் என்றால் நுரைக்கிற கல்தான் நல்லது, அவை பி.எச். உயர்ந்த தண்ணீரில் பிறந்து வளர்ந்த மீன்கள். டிஸ்கஸ் அமேசான் பக்கத்து மீன், சுண்ணாம்பு குறைந்த தண்ணீருக்குப் பழகியது. அதே கல் அதற்கு ஆகாது.

அப்போ எதைத்தான் போடுவது? தண்ணீர் வடிகட்டிகளுக்குள் நிரப்பும் சிலிக்கா மணலைக் கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவு, சலித்தே வரும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மிஞ்சிய மணலை அள்ளிக்கொண்டு வராதீர்கள், அதில் சிமென்ட் கலந்திருக்கும். சாயம் பூசிய நீலக்கல், ரோஸ் கல் பற்றி நான் பேசப்போவதில்லை, இரண்டு விரலால் உரசிப் பாருங்கள், போதும்.

இரண்டு அங்குலத்துக்கு மேல் மணல் தேவையில்லை. இந்த அளவுத் தொட்டியில் அதுவே சுமார் 90 கிலோ. போன வாரம் பார்த்த ஒருவர் "இயற்கையா இருக்கட்டும்" என்று அரை அடிக்குக் கொட்டியிருந்தார், சுமார் 270 கிலோ, அதுவும் வீட்டு மரப்பலகை ஸ்டாண்டு மேல்! ஓரத்துக் கண்ணாடி வழியே பார்த்தால் அடியில் கருப்புத் திட்டுகள். குச்சியால் கிளறினேன், அழுகிய முட்டை நாற்றம் கூடமெல்லாம் பரவியது. காற்றுப் போகாத மணல் அப்படித்தான் ஆகும். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் போன்ற பெரிய மீன்கள் வளர்ப்பவர்கள் பெரிய பாறைகளை மணல் மேல் வைக்காதீர்கள், அடிக் கண்ணாடியில் மெல்லிய தெர்மோகோல் விரித்து முதலில் பாறை, அப்புறம் மணல். இந்த மீன்கள் மணலைத் தோண்டும், தோண்டினால் பாறை சரியும், சரிந்தால் கண்ணாடி. தங்கமீனுக்குப் பட்டாணி அளவு கல் ஆகாது, வாயில் அள்ளி மெல்லும்போது தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

பின்னணி விஷயத்தில் ஒரே கெஞ்சல்: தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துத் தண்ணீர் நிரப்பிய பிறகு கூப்பிடாதீர்கள். முக்கால் டன்னுக்கு மேல் இருப்பதை நகர்த்த என்னால் முடியாது. காலியாக இருக்கும்போதே பின்பக்கக் கண்ணாடியின் வெளிப்புறம் கருப்போ அடர்நீலமோ ஃபிலிம் ஒட்டிவிடுங்கள். டிஸ்கஸில் பிஜியன் பிளட் ரகம் என்றால் கருப்பு வேண்டாம், உடம்பெல்லாம் மிளகு தூவின மாதிரி புள்ளி விழும், வெளிர்நீலம் ஒட்டுங்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் ஃபிலிம் எந்த மீனுக்கும் ஆகாது, ஃபிளவர்ஹார்ன் தன் நிழலோடு சண்டை போட்டே முகத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

பாறை மாதிரி செதுக்கிய 3டி பலகை ஆசை இருக்கிறதா, சரி, நானும் ரசிப்பேன். ஆனால் அது மிதக்கும், அதனால் தண்ணீர் விடும் முன்பே, விளிம்பில் ஓர் இடைவெளிகூட விடாமல், சிலிகான் போட்டு ஒட்டி நன்றாகக் காயவிட வேண்டும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகான் வேண்டாம், அதில் இருக்கும் மருந்து மீனையும் கொல்லும். ஒருமுறை ஒரு பலகையைப் பெயர்த்தபோது பின்னால் சக்கர் மீன் ஒன்று, நுழைந்த வழியில் திரும்ப முடியாமல், பாதி அழுகிக் கிடந்தது. வீட்டுக்காரர் இரண்டு வாரமாகத் தண்ணீர் ஏன் கலங்குகிறது என்று ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கல்லோ மணலோ, மூட்டையாக வாங்கும் முன் ஒரு கைப்பிடி கொண்டுவந்து காட்டுங்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.