பக்கவாதத்துக்குப் பின் வீட்டுப் பராமரிப்பு: எங்கே கைகொடுப்பது, எங்கே விட்டுவிடுவது

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தாயிற்று. ஊட்டிவிடுகிறார், குளிப்பாட்டுகிறார், தூக்கி உட்கார வைக்கிறார். குடும்பத்துக்கு நிம்மதிதான். ஆனால் வேலை கொடுக்காத தசை வேகமாக மெலியும். பிடித்துக்கொண்டாவது நடந்திருக்க வேண்டியவர் படுத்த படுக்கையாகிவிடுவார். உதவிக்கு வருபவர் செய்ய வேண்டியது, நோயாளியால் முடியாத பகுதியை மட்டுமே.

முதலில் கட்டில். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருந்தால் எழுவது சுலபம். பலருக்கு மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம் பொருந்தும். உயர்த்துவதற்குச் செங்கல் அடுக்க வேண்டாம், நகர்ந்துவிடும். கட்டில் கால் உட்காரும்படி குழி வெட்டிய மரக்கட்டை வையுங்கள்.

படுத்திருந்தவர் எழுந்ததும் நிற்கக் கூடாது. ஓரிரு நிமிடம் உட்காரட்டும்; பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று தலைசுற்றும். பிறகு கட்டில் நுனிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். அந்தச் சாய்வு இல்லாததால்தான் பாதியில் ‘தொப்’பென்று உட்காருகிறார்கள். உதவுபவர் பாதிக்கப்பட்ட பக்கம் நின்று, அந்த முழங்கால் மடங்காதபடி தன் முழங்காலால் அணை கொடுத்து, நோயாளியின் இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்தால் போதும். கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்குவதும் கூடவே கூடாது. தசைகளின் பிடிமானம் இல்லாத தோள்மூட்டு இறங்கிவிடும். அந்த வலி வந்தால் பயிற்சியே நின்றுபோகும். சக்கர நாற்காலியை நல்ல பக்கம் போட்டு, பிரேக் பிடித்து, கால்மிதியை மடக்கிய பிறகே எழச் சொல்லுங்கள்.

சட்டை போடும்போது பாதிக்கப்பட்ட கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில். ஒற்றைக் கையால் லுங்கியை இறுக்கிக் கட்ட முடியாது. வெல்க்ரோ வேட்டி, முன்பக்க ஜிப் நைட்டி என்று மாற்றிவிட்டால் உடுத்த ஆள் தேவைப்படாது.

குளியலறையில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். துண்டு போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. டைல்ஸில் ரப்பரால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடியையும் நம்பாதீர்கள். ஓரத்தில் காற்றுப் புகுந்தால் கழன்று கையோடு வந்துவிடும். ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலப் பருமனுள்ள எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பியை, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், சுவரில் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் விட்டால் கை வழுக்கும்போது முழங்கை உள்ளே சிக்கிக்கொள்ளும். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் சாதாரண பிளக் நிற்காது, கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாய்லெட்டில் உட்கார்ந்திருக்கும்போது நல்ல கை எந்தப் பக்கமோ, கம்பியும் அந்தப் பக்கம். வாளியை முக்காலிமேல் வைத்தால் குனிய வேண்டியதில்லை. கதவு உட்பக்கமாகத் திறப்பதென்றால், உள்ளே விழுந்தவரின் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். இந்தியன் டாய்லெட்டை உடைத்து மாற்ற வசதி இல்லையா? நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலியை அதன்மேல் போடலாம். அதன் கால்களிலும், வாக்கர் கால்களிலும் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது புரட்டிப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் ஈரத்துணி. நிமிர்ந்து உட்கார்ந்து அவரே சாப்பிடட்டும், சிந்தினால் சிந்தட்டும். முடித்து அரைமணி நேரம் படுக்கக் கூடாது. தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ புரையேறுகிறது என்று பொருள். அப்போது தம்ளரை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியவர்களுக்கான இலவச உதவி எண் 14567.