ரஷ்ய மகாராணிக்கு சாட்சி சொன்ன பிலிப்பின் ரத்தம்

"எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் கொடுத்த ரத்தத்தை வைத்து ஜார் குடும்பத்தின் எலும்புகளை அடையாளம் கண்டார்களாமே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிலிப் ரஷ்யப் பேரரசரான ஜாருக்கும் உறவுதான், ஆனால் இங்கே உதவியது ஜாரின் மனைவி அலெக்ஸாண்ட்ரா வழி உறவு. அவர் பிலிப்புடைய அம்மாவைப் பெற்ற பாட்டியின் தங்கை.

1918 ஜூலை 17 அன்று ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் நகரில் அந்தக் குடும்பத்தைச் சுட்டுக் கொன்று புதைத்தார்கள். 1991இல் ஊருக்கு வெளியே ஒரு குழியைத் தோண்டியபோது கிடைத்தவை ஒன்பது எலும்புக்கூடுகள். எது யாருடையது?

வழக்கமான டிஎன்ஏ தலைமுறைக்குத் தலைமுறை கலைந்து கலந்துவிடும், பழைய எலும்பில் சிதைந்தும் போகும். ஆனால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு குட்டி வளைய டிஎன்ஏ இருக்கிறது, மொத்தமே 16,569 எழுத்துகள். ஒரு செல்லில் அதற்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பிரதிகள் உண்டு, அதனால் எலும்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் எங்காவது கொஞ்சம் மிஞ்சும். எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம்தான். விந்தணுவிலும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, வால் அடித்து நீந்த ஆற்றல் வேண்டுமே! ஆனால் பாலூட்டிகளில் அதன்மேல் யுபிக்விட்டின் என்ற ஒரு சின்னப் புரதம் முத்திரை போல ஒட்டியிருக்கும், கருமுட்டைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் முட்டை அந்த முத்திரையைப் பார்த்து அப்பா தந்ததை அழித்துவிடும். மிஞ்சுவது அம்மாவுடையது மட்டும். மகனுக்கும் அது வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும்.

எனவே விக்டோரியா மகாராணி, அவர் மகள் ஆலிஸ், ஆலிஸின் மூத்த மகள் விக்டோரியா, அவர் மகள் இன்னொரு ஆலிஸ், அவர் மகன் பிலிப் என்று வரிசை அறுபடாமல் வருகிறது. முதல் ஆலிஸின் இன்னொரு மகள்தான் அலெக்ஸாண்ட்ரா. பட்டமும் சிம்மாசனமும் ஆண்வழியில் போன ஐரோப்பிய வம்சங்களில் இந்தப் பாட்டி-பேத்தி வரிசையை யார் பெரிதாக மதித்தார்கள்? ஆய்வகத்தில் அதுதான் கை கொடுத்தது: ஒரு பெண்மணியும் மூன்று இளம்பெண்களும் பிலிப்போடு அப்படியே பொருந்தினார்கள். பிலிப்பின் மகன் சார்லஸிடம் ரத்தம் எடுத்திருந்தால் பயனில்லை, அவரிடம் இருப்பது எலிசபெத்தின் மைட்டோகாண்ட்ரியா.

இந்த வளையத்தை 1981இல் கேம்பிரிட்ஜில் முழுதாகப் படித்தவர்கள் ஜாரின் எலும்புக்காகப் படிக்கவில்லை. 'இதனால் என்ன லாபம்?' என்று கேட்டுக்கொண்டே அடிப்படை ஆராய்ச்சியின் நிதியில் கை வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம், தான்தான் உயிர் தப்பிய ஜாரின் மகள், இளவரசி அனஸ்தாசியா என்று பல பத்தாண்டுகள் சொல்லிவந்த அன்னா ஆண்டர்சன். 1984இல் இறந்த அவர் உடலை எரித்துவிட்டார்கள், ஆனால் பழைய அறுவை சிகிச்சையில் எடுத்த குடல் திசு அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பத்திரமாக இருந்தது. சோதித்தால் பிலிப்போடு பொருந்தவில்லை. பொருந்தியது, பெர்லினில் காணாமல் போன பிரான்சிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்கா என்ற தொழிற்சாலைப் பெண்ணின் தாய்வழி உறவினரோடு.